மாம்புரித் தென்னஞ்சீனி

அத்தியாயம் 4

நிஸார் ஹாஜியார் பொய் சொல்கிறார் என்பதை, அவருடைய தோட்டத்துப் படலையைத் தாண்டும்போதே அக்கீலா ராத்தா கண்டுபிடித்துவிட்டார். அது எப்படியென்று எனக்கு விளங்க மத்தியானம் ஆனது. அதனால்தான் அவர் துப்பறிகிறார், நான் ஓட்டோ ஓட்டுகிறேன்.

என் பெயர் நிக்கொலஸ். ஊர் கற்பிட்டி. 'உதவியாளர்' என்று விசிற்றிங் கார்ட்டில் போட்டிருக்கிறது. தேத்தண்ணி வாங்கி வருவதும் அதில் அடக்கம். அக்கீலா ராத்தாவின் ஊர் மன்னார். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது பத்து வயதுப் பிள்ளையாகப் புத்தளத்துக்கு வந்தவர். காப்புறுதிக் கம்பனி ஒன்றில் கள்ள விபத்துக்காரர்களைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், பிறகு சொந்தமாகத் துப்பறியத் தொடங்கினார். புத்தளத்தில் எல்லாரும் கூப்பிடுகிற மாதிரி நானும் அவரை ராத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுகிறேன். என் அம்மாவுக்கு அது பிடிக்காது, ராத்தாவுக்குப் பிடிக்கும், சம்பளம் தருவது ராத்தா.

இந்த வழக்குக்கு எங்களைக் கூப்பிட்டவரே நிஸார் ஹாஜியார்தான். மாம்புரியில் கடல் பக்கமாக அவருக்கு ஒரு தென்னந்தோட்டம் இருக்கிறது. அங்கே தென்னம்பாளையைச் சீவி, பதநீர் இறக்கி, காய்ச்சி, சீனியாக்கி, அழகான கடதாசிப் பையில் அடைத்து ஜேர்மனிக்கு அனுப்புகிறார். அப்படி என்று அவர் சொல்கிறார். பையின் முன்பக்கத்தில் இடுப்பில் கத்தியும் தோளில் மண்முட்டியுமாக ஓர் இளைஞன் சிரிக்கிறான். பின்பக்கத்தில் 'கரும்பு கலவாதது' என்று நாலு மொழியில் எழுதியிருக்கிறது. போன மாதம் ஜேர்மன்காரன் சந்தேகப்பட்டு அதைச் சோதித்துப் பார்த்தான். அடி முதல் நுனி வரை கரும்புச் சீனி. கொண்டெய்னரைத் திருப்பி அனுப்பிவிட்டான்.

ஹாஜியார் நேராகப் பொலிசுக்குப் போனார். போன வருடம் வந்து சேர்ந்த தன்னுடைய தலைமைச் சீவல்காரன் நிரோசன், இறக்கிய பதநீரை எல்லாம் களவாகக் கள்ளுக்காரருக்கு விற்றுவிட்டு, கடைச் சீனியைத் தாச்சியில் கொட்டிக் கிண்டித் தன்னை ஏமாற்றிவிட்டான் என்று முறைப்பாடு கொடுத்தார். பையில் சிரிக்கிற இளைஞன்தான் அந்த நிரோசன். இன்று விடியற்காலையில் அவனைப் பிடித்துக் கூட்டில் போட்டார்கள். நாளைக் காலையில் கோட்டில் நிறுத்துவார்கள். ஹாஜியாரின் சொல் நின்றால் அவனுக்கு றிமாண்ட்தான். பாவி கலியாணம் கட்டி மூன்று மாதம்கூட ஆகவில்லை.

எங்களுக்கு என்ன வேலை என்றால், 'களவெடுத்தது வேலைக்காரன், முதலாளி அப்பாவி' என்று தனியார் துப்பறிவாளரும் சொல்வதாக ஜேர்மனிக்கு ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும். மனிதருக்குத் தேவைப்பட்டது துப்பறிவாளர் இல்லை, சுவருக்கு வெள்ளையடிக்கிற ஆள்.

ஹாஜியார் படலையிலேயே காத்துக்கொண்டு நின்றார். வெள்ளைச் சாரம், வெள்ளைத் தொப்பி, கைக்கு ஒன்றாக இரண்டு போன்.

"வாங்க தங்கச்சி, வாங்க. முதல்ல இந்த போர்டைப் படிங்க. வெள்ளக்காரங்க எல்லாம் இதுல நிண்டுதான் போட்டோ எடுக்கிற."

ஆளுயரப் பலகையில் 'சீனியின் வரலாறு' என்று போட்டிருந்தது. கரும்பு முதலில் பசிபிக் தீவுகளில் விளைந்ததாம். இந்தியாவில் அதைப் பிழிந்து காய்ச்சிக் கட்டியாக்கினார்களாம். அரபிகள் அதை மேற்கே கொண்டுபோனார்களாம். குளிர்நாட்டுக்காரன் கரும்பு விளையாமல் பீற்றூட்டில் சீனி எடுத்தானாம். எங்கிருந்தோ பார்த்து எழுதியது, அதனால் அதுவரை சரியாகத்தான் இருந்தது. கரும்புத் தோட்டங்களுக்காக ஆபிரிக்க மக்களைக் கப்பல் கப்பலாக அடிமையாக்கிக் கொண்டுபோன கதையை மட்டும் காணவில்லை. சுற்றுலா வருகிறவனுக்கு அது இனிக்காது என்று விட்டிருப்பார்கள். கடைசி வரி ஹாஜியாரின் சொந்தச் சரக்கு: 'இவை அனைத்துக்கும் முன்பே இராவண மன்னன் மாம்புரித் தென்னஞ்சீனி இட்டே தேநீர் அருந்தினான்.'

"ராவணனுக்குத் தேயிலை ஆர் குடுத்தது ஹாஜியார்?" என்று கேட்டேன்.

"அது மார்க்கட்டிங், தம்பி."

ராத்தா பலகையைத் திரும்பியும் பார்க்கவில்லை. அண்ணாந்து மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீதியோரத்து மரங்களில் பாளைக்குப் பாளை சிவப்பு மண்முட்டிகள் தொங்கின.

"நல்லாக் காய்ச்சிருக்கு ஹாஜியார்."

"மாஷா அல்லாஹ்! இந்தப் பக்கத்துல இப்பிடிக் காய்க்கிற தோட்டம் வேற இல்ல. போன மாசம்தான் பறிச்ச. பாருங்க, திரும்பவும் குலை குலையா இரிக்கி."

"எல்லா மரமும் சீவுறதா?"

"ஒண்டு விடமாட்டன். ரெண்டு நேரமும் சீவுற."

ராத்தா மரியாதையாகத் தலையை ஆட்டினார். பிறேக் பிடிக்கவில்லை என்று சத்தியம் பண்ணுகிற லொறிக்காரனுக்கும் அவர் இப்படித்தான் தலையாட்டுவார்.

காய்ச்சுகிற கொட்டில் பின்பக்கம் இருந்தது. பெரிய தாச்சி ஒன்று அடுப்பில் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் உடைத்த தேங்காய்ச் சிரட்டைகள் குவிந்திருந்தன. மூலையில் வெறும் சீனிச் சாக்குகள் கூரை முட்ட அடுக்கிக் கிடந்தன. ஹாஜியார் அவற்றை இரண்டு போனாலும் சுட்டிக்காட்டினார்.

"பாருங்க தங்கச்சி, அவன்ட வேலைய! எனக்குத் தெரியாம ஒளிச்சு ஒளிச்சுக் கொண்டு வந்திரிக்கான்."

"இவ்வளவையுமா? அவனிட்ட என்ன வாகனம் இருக்கு?" என்றேன் நான்.

"சைக்கிள்."

"கெட்டிக்காரன்தான். கப்பல்ல போன சீனி முழுக்கக் கரியர்ல வைச்சு மிதிச்சிருக்கான்."

ஹாஜியார் என்னை ஈயைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ராத்தா அதற்குள் இன்னொரு மூலைக்குப் போயிருந்தார். அங்கே மரத்தில் தொங்குகிற அதே மாதிரியான முட்டிகள் அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்து உள்ளே கைவிட்டுத் தடவினார். விரலை வெளியே எடுத்துப் பார்த்தார். சிவப்பு மண்தூள்தான் ஒட்டியிருந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"இதுலதான் இறக்குறதா ஹாஜியார்?"

"இதுலதான். பிளாஸ்டிக்கை நான் கிட்டவும் எடுக்கமாட்டன். ஹலால், ஓர்கானிக்."

"நல்லது. அறிக்கை இண்டைக்கே முடிச்சிருவன். பின்னேரம் பொலிஸ் ஓ.ஐ.சி.யையும் கூட்டிக்கொண்டு வாறன். என்ன நடந்ததெண்டு அவருக்கு முன்னால ஒருக்கா விளக்கமாச் சொல்லுங்க."

"அதுக்கென்ன! கோழி அறுக்கச் சொல்லவா?"

"தேத்தண்ணி போதும். சீனி போடாம."

ஓட்டோவைப் பாலாவிப் பக்கம் திருப்பிய பிறகுதான் ராத்தா வாயைத் திறந்தார்.

"நீ என்ன கண்ட, நிக்கொலஸ்?"

"ஒரு பொய்யனை. ஆனா அதை அவர் வாயைத் திறக்க முந்தியே கண்டிட்டன்."

"மரத்தில?"

"தேங்காய்."

"சீவுற மரத்தில தேங்காய் எங்கால?"

நான் பிறேக்கை மிதித்துவிட்டேன். பின்னால் வந்த மரக்கறி லொறிக்காரன் என் பரம்பரையை விசாரித்துக்கொண்டு போனான். தென்னம்பாளை தானாக விரிந்தால் பூ வரும், பூவிலிருந்து குரும்பை, குரும்பையிலிருந்து தேங்காய். சீவல்காரர் அதை விரியவே விடமாட்டார்கள். கயிற்றால் கட்டி, தட்டி, நுனியை நாள்தோறும் சீவுவார்கள். காயாகப் போக வேண்டிய சத்துத்தான் சாறாக முட்டியில் வடிகிறது. பாளைக்குப் பாளை முட்டியும் தொங்கி, குலை குலையாகக் காயும் காய்ப்பதென்றால் அது மரம் இல்லை, ஹாஜியார் வீட்டு அற்புதம்.

"அப்ப அங்க ஒண்டும் சீவேல்ல!" என்றேன். "சீனியையே உருக்கி, தேங்காய்த் தண்ணி ஊத்தி வாசத்தைப் போட்டு, கிண்டிச் சீனியாக்கி... ராத்தா, கேஸ் முடிஞ்சுது! ஓ.ஐ.சி.க்கிட்டச் சொல்லுவம்."

"சொன்னா? ஹாஜியார் ஒரு சட்டத்தரணியைப் பிடிப்பார். சில பாளையைச் சீவினம், சிலதைக் காய்க்க விட்டம் எண்டுவான் அவன். பிறகு அதுக்கு ஒரு நிபுணர் வரணும், அவர் ஆறு மாசம் கழிச்சு ஒரு அறிக்கை எழுதணும். அதுவரைக்கும் நிரோசன் உள்ளுக்க."

"அப்ப என்ன செய்யிற?"

"ஹாஜியாரே தன்ர வாயால சொல்லணும்."

"அவரா? பொலிசுக்கும் பயமில்ல, ஜேர்மன்காரனுக்கும் பயமில்ல."

"ஊருக்குப் பயம் இருக்கு," என்றார் ராத்தா.

பொலிஸ் நிலைய வாசல் வாங்கில் ஒரு சின்னப் பெண் சாப்பாட்டுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிரோசனின் மனைவி டிலுக்ஷி. அழுது முடித்து, அடுத்த தரம் அழுவதற்கு ஆயத்தமாக இருந்தாள்.

"களவெடுக்கிற ஆள் இல்ல ராத்தா அவர். கடைக்காரன் மிச்சக் காசு கூடத் தந்தாலே திருப்பிக் கொண்டுபோய்க் குடுப்பார். ஆனா என்ன நடந்ததெண்டு கேட்டா வாயைத் திறக்கிறாரில்ல. நாளைக்கு உள்ளுக்க போட்டா எப்ப விடுவாங்களோ தெரியாது. எங்கட அப்பா வேற..."

"அப்பாவுக்கு என்ன?"

அப்பா அன்ரனிப்பிள்ளை சிலாபத்தில் பேர்போன சீவல்காரர். உச்சியில் கட்டிய கயிற்றில் மரத்துக்கு மரம் நடக்கிறவர். தான் கயிற்றில் நடந்தால் கீழே பஸ்காரன் பஸ்ஸை நிற்பாட்டிப் பார்ப்பான் என்று சொல்லித் திரிகிறவர். சீவல் தெரியாதவனுக்குப் பெண் இல்லை என்று வந்த மாப்பிள்ளைகள் பலரை விரட்டிவிட்டு, சீனிப் பையில் படம் வந்த மாப்பிள்ளைக்கு உடனே கொடுத்திருக்கிறார். இப்போது, களவெடுத்த மருமகன் தனக்கு வேண்டாம், மகளைத் திருப்பிக் கூட்டிப்போகிறேன் என்று போனில் கத்துகிறாராம். பூமியில் கால்படாத மனிதருக்குப் புத்தியும் அங்கேயே தங்கிவிட்டது என்று நினைத்தேன்.

உள்ளே நிரோசன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பையில் இருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"நான் ஒண்டும் எடுக்கேல்ல," என்றான்.

ராத்தா கிட்டப் போய்க் குரலைத் தாழ்த்தினார். "எடுக்க அங்க ஒண்டும் இருக்கேல்ல எண்டு எனக்குத் தெரியும், தம்பி. சாக்குச் சீனியைத்தான் கிண்டினீங்க. அதை ஓ.ஐ.சி.யிட்டச் சொன்னா என்ன?"

அவன் முகம் வெளுத்துப்போனது. ராத்தாவைத் தாண்டி, வாசலில் இருந்த டிலுக்ஷியைப் பார்த்தான்.

"அதை மட்டும் கேக்காதீங்க," என்றான். "நான் உள்ளுக்கே போறன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. களவெடுக்கவில்லையாம், ஆனால் வெளியே வரும் வழியைக் காட்டினாலும் வரமாட்டானாம். முதலாளி பொய்யன், மாமனார் வாய்ச்சவடால், மாப்பிள்ளை மடையன். முழு மாவட்டத்தையும் சல்லடை போட்டுப் பொறுக்கினாலும் இப்படி மூன்று பேர் ஒரே வழக்கில் கிடைக்கமாட்டார்கள்.

"ராத்தா, நாளைக்கு விட்டிருவாங்களா?" என்று டிலுக்ஷி கேட்டாள்.

"இண்டைக்கே," என்றார் ராத்தா. பிறகு தள்ளிப்போய் யாருக்கோ போன் எடுத்தார். காதில் விழுந்த பெயரைக் கேட்டு எனக்கு ஆச்சரியம். ஜோர்ஜ், மதுவரிக்காரர். கள்ளச் சாராயம், கள்ளுக் கொட்டில் என்று பிடித்துத் திரிகிற மனிதர்.

"சீனிக் கேசுக்கு அந்த மனிசன் என்னத்துக்கு?"

"ஹாஜியார் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டவர்தானே?"

பின்னேரம் தோட்டத்தில் ஹாஜியார் எங்களுக்காகக் கதிரைகள் போட்டு, வட்டிலப்பமும் வைத்திருந்தார். ஓ.ஐ.சி. ஐயா வந்ததும் வராததுமாகக் கதிரை நிறைய உட்கார்ந்து வட்டிலப்பத்தில் இறங்கிவிட்டார். விசாரணை என்றால் அவருக்கு அடுத்தவன் கதைப்பதும் தான் சாப்பிடுவதும். ஜோர்ஜ் ஒல்லியான மனிதர். ஒன்றும் தொடாமல் அண்ணாந்து முட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவர் ஆரு?" என்று ஹாஜியார் கேட்டார்.

"அரசாங்க ஆள். சாட்சிக்கு நல்லது," என்றார் ராத்தா. ஹாஜியாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"அறிக்கையில ஒரு பிழையும் வரக்கூடாது ஹாஜியார். அதால ஐயாமாருக்கு முன்னால திரும்பவும் கேக்கிறன். நிரோசன் களவெடுத்தது என்ன?"

"பதநீர்."

"எந்த மரத்தில இறக்கினது?"

"இந்த எல்லா மரத்துலயும், ரெண்டு நேரமும். அஞ்சு வருசமா."

"எந்த முட்டியில?"

"இந்த முட்டியிலதான். கொட்டிலுக்குள்ள இன்னும் இரிக்கி. இத விட்டா வேற முட்டி இங்க இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"என்னத்த யோசிக்கிற தங்கச்சி? அல்லாஹ் மேல ஆணையா..."

"ஆணை வேணாம்!" ராத்தா கையை உயர்த்தினார். அந்த ஒரு தரம்தான் அவர் குரலில் கோபம் வந்தது. "சும்மா சொன்னதே போதும். ஜோர்ஜ் ஐயா, முட்டியைப் பாருங்க."

நான் கொட்டிலில் இருந்து முட்டிகளைத் தூக்கிவந்து வரிசையாக வைத்தேன். ஜோர்ஜ் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தார், உள்ளே கைவிட்டுத் தடவினார், மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். கடைசியில் நிமிர்ந்தார்.

"சுண்ணாம்பு எங்க?"

"என்ன சுண்ணாம்பு?" என்றார் ஹாஜியார்.

ஐந்து வருடமாகத் தென்னஞ்சீனி விற்கிற மனிதர் கேட்ட கேள்வி அது. ஓ.ஐ.சி.யின் கரண்டி வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது.

ராத்தா மெதுவாகச் சொன்னார். "நான் மன்னார்ப் பிள்ளை ஹாஜியார். எங்கட பக்கம் பனை. முட்டிக்கு உள்ளுக்க சுண்ணாம்பு பூசித்தான் மரத்தில கட்டுவாங்க. பூசினா வடியிறது பதநீர். பூசாட்டி, வெயில் ஏற முந்தியே பொங்கிக் கள்ளாப் போயிரும். அதைக் காய்ச்சிச் சீனியும் எடுக்கேலாது, கட்டியும் எடுக்கேலாது. நீங்க கள்ளுக் கொட்டில் பக்கமே போகாத நல்ல மனிசன். அதால தெரியாமப் போச்சு."

"சுண்ணாம்புக்குப் பதிலா மரப்பட்டையும் போடுவாங்க," என்றார் ஜோர்ஜ், நியாயமான மனிதர். "ஆனா பட்டையும் இல்ல, பட்டை வாசமும் இல்ல. அப்ப இந்த முட்டியில எல்லாம் இறங்கினது கள்ளு. ஹாஜியார், தோட்டம் ஆர்ட பேர்ல?"

"என்... என்ட பேர்லதான்."

"கள்ளிறக்க அனுமதி எடுத்திருக்கா?"

"கள்ளா! அஸ்தஃபிருல்லாஹ்! தம்பி, இது ஹலால் சீனி!"

"சீனி பிறகு. நீங்களே இப்ப சொன்னீங்க, எல்லா மரமும், ரெண்டு நேரமும், அஞ்சு வருசம். இவ்வளவு பெரிய கள்ளுத் தோட்டம் என்ர பகுதியில இருந்தது எனக்கே தெரியாது." ஜோர்ஜின் குரலில் உண்மையாகவே ஒரு மரியாதை தெரிந்தது.

"நிரோசன்தான்! அவன்தான் சுண்ணாம்பு பூசாம விட்டிருக்கான்!"

"அஞ்சு வருசமாவா?" என்றார் ராத்தா. "அவன் வந்தது போன வருசம். அதுக்கு முந்தி அனுப்பின சீனி எல்லாம் எந்த முட்டியில இறங்கினது? வேற முட்டி இல்லையெண்டீங்களே."

ஹாஜியாரின் ஒரு போன் அடித்தது. எடுக்கவில்லை. மற்றதும் அடித்தது. வீதியில் இரண்டு மூன்று பேர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் படலைக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். பொலிஸ் ஜீப் நிற்கிற இடத்தில் மாம்புரிச் சனம் சும்மா போகுமா?

"ஊர்க் கதைக்கு நான் பொறுப்பில்ல ஹாஜியார்," என்றார் ராத்தா. "நாளைக்கு வெள்ளிக்கிழமை. பள்ளிக்குப் போகேக்க, தோட்டம் முழுக்கக் கள்ளிறக்கின ஹாஜியார் வாறார் எண்டுதான் சனம் பாக்கும்."

மனிதர் பள்ளிவாசலை நினைத்தார், நீதிமன்றத்தை நினைத்தார், இரண்டையும் நிறுத்துப் பார்த்தார். அவர் முகத்தில் கணக்கு ஓடுவது எனக்கே தெரிந்தது. பொய்ச் சீனி விற்றவன் என்றால் வியாபாரி, கொஞ்சநாள் பேசுவார்கள், மறப்பார்கள். கள்ளு விற்ற ஹாஜியார் என்றால் பேரப்பிள்ளை காலத்திலும் அதே பெயர்தான். தன் மானத்துக்கு எது மலிவு என்று பார்த்து மலிந்ததை எடுத்தார், சந்தையில் தக்காளி பொறுக்குகிற மாதிரி.

"கள்ளும் இல்ல, பதநீரும் இல்ல!" என்று வீதிக்கும் கேட்கக் கத்தினார். "ஒரு மரத்துலயும் ஒரு சொட்டும் இறக்கல்ல! முட்டி போட்டோவுக்குக் கட்டின! சீனி கொழும்பால வாற சீனி, நான்தான் கொண்டு வாற! கள்ளு இந்தத் தோட்டத்துக்குள்ள வந்ததே இல்ல, எல்லாரும் கேட்டுக்கங்க!"

"ஹரி, ஹரி," என்று சிங்களத்தில் 'சரி' சொன்னார் ஓ.ஐ.சி., வட்டிலப்பக் கிண்ணத்தை மனமில்லாமல் கீழே வைத்தபடி.

ராத்தா அவர் பக்கம் திரும்பினார். "ஐயா, ஒரு சந்தேகம். இறக்காத பதநீரை நிரோசன் எப்பிடிக் களவெடுத்தவன்?"

ஓ.ஐ.சி. ஜீப்பைப் பார்த்தார், ஹாஜியாரைப் பார்த்தார், எழும்பினார்.

"தங்கச்சி! உங்களக் கூப்பிட்டவனே நான்!" என்று ஹாஜியார் அலறினார்.

"ஓம். கள்ளன் ஆரெண்டு கண்டுபிடிக்கச் சொன்னீங்க. கண்டுபிடிச்சாச்சு."

பொலிஸ் நிலையத்துக்கு ஹாஜியாரை ஜீப்பின் முன்சீட்டில்தான் கூட்டிவந்தார்கள். நிரோசனைக் காலையில் பின்னால் தரையில் உட்காரவைத்துக் கொண்டுவந்தவர்கள் இவர்கள். ஏமாற்றுக்காரனாகப் போவதென்றால் முதலில் முதலாளியாகிவிட வேண்டும்.

நிரோசனை வெளியே விட்டார்கள். "பதநீரே இறக்கேல்லையாமே! இதைக் காலமையே சொல்ல உனக்கு வாயில்லையா?" என்று ஓ.ஐ.சி. எரிந்து விழுந்தார். மனிதருக்கு வட்டிலப்பம் பாதியில் போன கோபம்.

டிலுக்ஷி எழும்பி நின்றாள். நிரோசன் அவளைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நான் சீவல்காரன் இல்ல, டிலு. எனக்குச் சீவத் தெரியாது. மரத்தில ஏறவே தெரியாது. ஏணியில நாலாம் படிக்கு மேல போனாத் தலை சுத்தும். போட்டோவுக்குக் கத்தியைக் கட்டிவிட்டாங்க. பையில படத்தைக் கண்டிட்டு மாமா தானாவே வந்து பொண்ணு தாறன் எண்டார். எனக்கு உங்களைப் பிடிச்சுப் போச்சு. இல்லையெண்டு சொல்ல வாய் வரேல்ல. இப்ப உண்மையைச் சொன்னா அது மாமாவுக்குப் போகும். உங்களைக் கூட்டிக்கொண்டு போயிருவார். அதான்."

கள்ளன் என்றாலும் கூட்டிக்கொண்டுதானே போவார் மடையா, என்று எனக்கு வாய்வரைக்கும் வந்தது. மரமேறத் தெரியாது என்று ஒரு வரி சொல்லியிருந்தால் காலையிலேயே வீட்டுக்குப் போயிருப்பான். அதைச் சொல்ல வெட்கப்பட்டுச் சிறைக்குப் போக ஆயத்தமாக நின்ற ஓர் ஆம்பிளையை நான் அன்றுதான் பார்த்தேன். என்னுடைய ஏளனம் முழுவதையும் திரட்டி அவன் தலையில் கொட்ட வாயைத் திறந்தேன். ராத்தா என் காலை மிதித்தார்.

டிலுக்ஷி அழவில்லை. பார்சலைப் பிரித்துப் பாண் துண்டை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள்.

"என்னது?"

"நான் சீவல்காரன்ட மகள். கயித்தில நடக்கிற ஆளின்ட கால் எப்பிடியிருக்கும் எண்டு எனக்குத் தெரியாதா? பொண்ணு பாக்க வந்த அண்டைக்கே செருப்பைக் கழட்டேக்க உங்கட காலைப் பாத்தனான். கீழ நிண்டு ஆக்களை வைச்சு இறக்குறீங்க எண்டு நினைச்சனான்."

"அப்ப ஏன் ஓம் எண்டனீங்க?"

அவள் பார்சல் கடதாசியை நாலாக மடித்தாள். பிறகு சொன்னாள். "எங்கட அண்ணனும் கயித்திலதான் நடந்தவர். தவக்காலத்தில ஒரு நாள் கயிறு அறுந்து போச்சு. அம்மா இப்பவும் காத்தடிச்சா எழும்பி இருப்பா. அதுக்குப் பிறகு வந்த ஒவ்வொரு மாப்பிள்ளையின்ட காலையும் நான் பாத்தனான். அப்பா விரட்டாம விட்டதெல்லாம் சீவல்காரக் கால். அவங்களை எல்லாம் நான்தான் வேணாம் எண்டனான்."

நிரோசன் பாண் துண்டைப் பிடித்தபடி நின்றான். அவனுக்கு விளங்க நேரம் எடுத்தது. எனக்கும் எடுத்தது.

"மாமாவுக்கு என்ன சொல்லுற?" என்று கடைசியில் கேட்டான்.

"இரவு பஸ்ஸில வாறாராம். வரட்டும்," என்றாள் டிலுக்ஷி. "நிலத்தில நடக்கிற புருசன்தான் எனக்கு வேணும் எண்டு நான் சொல்லுறன். நீங்க முதல்ல சாப்பிடுங்க."